நெல்லைச் சீமைப் பயணத்துக்கு மருந்துப் பை: முழுமையான வழிகாட்டி

குற்றாலத்துக்கோ குலசாமி கோயிலுக்கோ வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பத்தின் மருந்துப் பையைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே சரக்குதான் கண்ணில் படும். பாதி தீர்ந்த தைலக் குப்பி, நாலைந்து பிளாஸ்திரி, எந்த வருடம் வாங்கியது என்று தெரியாத காய்ச்சல் மாத்திரை, கொஞ்சம் பஞ்சு. பாம்பை நினைத்துப் பயந்துகொண்டு கிளம்புவார்கள். பாம்பு அநேகமாக வராது, வயிற்றுப்போக்கு வரும். இல்லையென்றால், பிரஷர் மாத்திரையை வீட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்தது அம்பாசமுத்திரம் தாண்டிய பிறகு ஆச்சிக்கு நினைவு வரும்.

மருந்துப் பைக்கு இரண்டு வேலைகள் உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஒரு வேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. ஏதாவது நேர்ந்துவிட்டால், நிலைமை மோசமாகாமல் ஆளை மருத்துவமனை வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரண்டாவது வேலை. இந்த இரண்டிலும் சேராத பொருள் பையில் வெறும் பாரம். ஆகவே மெடிக்கல் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, யார் யார் வருகிறார்கள், எங்கே போகிறோம் என்ற இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: வருகிறவர்களின் சொந்த மருந்து

ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் தினமும் சாப்பிடும் மருந்து, அளவு, வேளை ஆகியவற்றை எழுதுங்கள். எந்த மருந்து ஒவ்வாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தத் தாளைக் கைபேசியில் படம் பிடித்து, வேனில் வரும் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். மருத்துவமனையில் "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்கும்போது "வெள்ளையாக, சின்னதாக ஒன்று" என்று பதில் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

பயண நாட்களுக்கு மேல் மூன்று நாள் மாத்திரையைக் கூடுதலாக எடுங்கள். கொடை (ஊர்க் கோயில் திருவிழா) என்று போனால் சொன்ன நாளில் யாரும் ஊர் திரும்புவதில்லை. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் இந்த மாத்திரைகளை இருக்கைக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வைக்காமல், தலைமாட்டில் வைக்கும் கைப்பையில் வையுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக் கலக்க வேண்டாம். அட்டையை வெட்டும்போதும் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கடைசி வரை விட்டுவையுங்கள்.

சர்க்கரை நோயாளி இருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியோ பேனாவோ 25, 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் நாலு வாரம் வரை தாங்கும். ஆனால் சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். நிறுத்திவைத்த வேனுக்குள் அதைவிட அதிகம். ஆகவே போகும் வழியில் வாய் அகன்ற தெர்மாஸ் பிளாஸ்கில் வைத்துக்கொள்ளலாம். ஐஸ் போடுவதாக இருந்தால் அது இன்சுலினை நேராகத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். ஊரில் தங்கும் வீட்டில் பிரிட்ஜ் இல்லையா? காருகுறிச்சி மண்பானை இருந்தால் போதும். பெரிய பானையில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்னக் கலயத்தை இறக்கி, இன்சுலினை நனையாத உறையில் போட்டுக் கலயத்துக்குள் வைத்து ஈரத்துணியால் மூடி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்தால் வெளிச்சூட்டைவிடப் பல டிகிரி குறைவாகவே இருக்கும்.

ஊசி போட்டுக்கொண்ட பிறகு கோயிலில் சாப்பாடு தாமதமாவது இங்கே சகஜம். அப்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் எல்லாம் வரும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். திருநெல்வேலி மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நேரத்தில் அல்வா உதவாது. அதிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படியே. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஒரு வேளையைத் தவறவிடுவதும், தூக்கம் கெட்டு இரவெல்லாம் கண் விழிப்பதும் வலிப்பைக் கூப்பிட்டு வரும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் அருவியிலோ தாமிரபரணியிலோ அவர்களைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள். ஆஸ்துமாக்காரர்களுக்குச் சாரல் காற்றும் மலைக்குளிரும் இழுப்பைக் கொண்டுவரலாம். இன்ஹேலர் அவர்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், வேனில் இருக்கும் பெட்டியில் அல்ல. இதய நோயாளிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதியிருந்தால் அது அவருக்கு மட்டுமே. பக்கத்தில் யாருக்கோ நெஞ்சு கரிக்கிறது என்று எடுத்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வழியெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரிக்க வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்து.

இரண்டாம் படி: எங்கே போகிறீர்கள், மருத்துவமனை எங்கே?

நெல்லைச் சீமை என்று பழைய கணக்கில் சொன்னால் இன்றைய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் சேரும். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு மாலையில் திருச்செந்தூர் கடலில் நிற்கலாம். இடைவெளி அவ்வளவு குறைவு என்பதால் எல்லா இடத்துக்கும் ஒரே பை போதும் என்று நினைத்துவிடுகிறோம். பையின் கனத்தைத் தீர்மானிப்பது மருத்துவமனை போய்ச் சேர ஆகும் நேரம்.

குற்றாலம் போனால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பை சிறிதாக இருக்கலாம். திருச்செந்தூர் ஊருக்குள்ளும் அரசு மருத்துவமனை உண்டு. பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு என்று மேற்கே போனால் இறங்கி அம்பாசமுத்திரம் வர வேண்டும். மாஞ்சோலை 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதையும் தாண்டி நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறியவர்கள் கரடுமுரடான வளைவுப் பாதையில் இறங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கைபேசி சிக்னலும் பல இடங்களில் இருக்காது. அங்கே போகும் பையில்தான் எல்லாமும் இருக்க வேண்டும். பெரிய விபத்து என்றால் எங்கிருந்தாலும் கடைசியில் போய்ச் சேருவது பெரும்பாலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்.

108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை ஆகிய இரண்டு எண்களையும் தாளில் எழுதுங்கள். தங்கும் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையின் பெயரையும் எழுதுங்கள். மலைக்குப் போனால் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று வண்டி ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவருக்குத் தெரியும்.

மூன்றாம் படி: எல்லாருக்கும் பொதுவான பை

நாலு பேர், மூன்று நாள் என்ற கணக்கில் சொல்கிறேன்.

முதலில் ஓஆர்எஸ், அதாவது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி. ஒரு லிட்டருக்கான பாக்கெட் ஆறு வாங்குங்கள். 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. எது எவ்வளவு தண்ணீருக்கு என்று பார்த்துக் கலக்குங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு அதிகமாகும், குழந்தைக்கு அதுவே கெடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். பழச்சாறு போன்ற இனிப்புப் பானங்களுக்கு ஓஆர்எஸ் என்று பெயர் சூட்டி விற்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. அதுவரைக்கும் வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு அதை வாங்கி ஊற்றிய வீடுகள் ஏராளம். பாக்கெட் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. நீராகாரமும் கஞ்சியும் கூடவே கொடுக்கலாம்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், இரண்டு அட்டை. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்று, தேவைப்பட்டால் இரண்டு. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டவே கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் இதற்குக் கீழேயே நிறுத்த வேண்டும். உடல்வலிக்கு என்று டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றை நான் பொதுப் பையில் வைக்கச் சொல்ல மாட்டேன். 2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு எப்படிப் பரவியது என்று இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இந்த மாத்திரைகளும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும்.

அரிப்பு, தடிப்பு, பூச்சிக்கடிக்குச் செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒரு அட்டை. சிலருக்குத் தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டாம். நெஞ்சு கரிப்புக்கு உங்களுக்குப் பழகிய மாத்திரையோ டானிக்கோ எடுங்கள். வாந்திக்கு அவோமின்: மலை ஏறத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். இதுவும் தூக்கம் தரும், இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. பஸ் நிலையத்தில் விற்கும் இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். லேசான குமட்டலுக்கு அது போதும்.

காயத்துக்கு: சின்ன சோப்புக்கட்டி, போவிடோன் அயோடின் களிம்பு ஒரு டியூப், கிருமி நீக்கிய காஸ் துணி ஐந்தாறு உறை, நாலு அங்குல ரோலர் பேண்டேஜ் மூன்று, சுளுக்குக்குக் கிரேப் பேண்டேஜ் ஒன்று, காகித ஒட்டுநாடா ஒரு சுருள், பிளாஸ்திரி பத்துப் பதினைந்து, கையுறை இரண்டு ஜோடி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள்வாங்கி, தெர்மாமீட்டர், டார்ச். பஞ்சை விட்டுவிடுங்கள், அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

இரத்தம் வந்தால் காஸ் துணியை வைத்துப் பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பவர்களால்தான் அது நிற்பதில்லை. வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் அப்புவது இங்கே இன்னும் மறையவில்லை; சுண்ணாம்பும் அப்படியே. மருத்துவமனையில் தையல் போடுவதற்கு முன்னால் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் நோயாளி அலறுவார். டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டிருந்தால் புறப்படும் முன்பே போட்டுவிடுங்கள். மண்ணும் துருவும் பட்ட காயம் என்றால் ஐந்து வருடம் கடந்திருந்தாலே மறுபடி தேவைப்படலாம்.

நான்காம் படி: போகும் இடத்துக்கேற்ற கூடுதல்

அருவிக்கரை. குற்றாலத்தில் அதிகம் நடப்பது வழுக்கி விழுவதுதான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆயிரம் பேர் இறங்கிய பாறை அது. ரப்பர் அடி உள்ள செருப்பு, கூடுதலாக ஒரு கிரேப் பேண்டேஜ் எடுங்கள். காதில் சீழ், செவிப்பறையில் துளை உள்ளவர்கள் அருவிக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். ஓரத்தில் நிற்பதானாலும் வாசலின் தடவிய பஞ்சு வேண்டும். மேலே பஞ்சை விலக்கினேன்; காதுக்கு மட்டும் இரண்டு உருண்டை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் லென்ஸ் வைத்திருப்பவர்கள் எடுத்துவிட்டுக் குளியுங்கள். இதய நோயாளிக்குப் பேரருவியின் அடி தேவையே இல்லை.

குரங்கு தனிப் பிரச்சினை. குற்றாலத்திலும் பாபநாசத்திலும் கையில் தொங்கும் பையைக் கண்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மருந்து அந்தப் பையில் இருந்தால் அன்று அது குரங்குக்குத்தான். ஜிப் வைத்த முதுகுப்பையில் வையுங்கள். குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சோப்புக்கட்டியைப் பட்டியலில் சேர்த்தது இதற்காகவும்தான். கட்டுப் போடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே வெறிநோய்த் தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து, அன்றும் பிறகு 3, 7, 28-ஆம் நாளும் போடுவார்கள். இரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்த வேண்டும். முதல் ஊசியைக் குற்றாலத்தில் இருக்கும்போது போட்டுக்கொண்டு மீதியை மும்பையில் போடலாம், சீட்டைத் தொலைக்காதீர்கள்.

மலை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் பிளாஸ்டிக் பைகளைச் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். மருந்தைப் பாலித்தீன் உறைகளில் பிரித்துக் கட்டாமல் துணிப்பையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ வையுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடி இல்லாமல் மாஞ்சோலைப் பக்கம் திரும்புவது கடினம். முழங்கால் வரை இழுத்துவிடும் கனத்த காலுறையும், ஒரு துணியில் முடிந்த உப்பும் வைத்திருங்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையை வெடுக்கென்று இழுக்காமல், நகத்தால் அதன் வாய்ப் பக்கத்தை ஓரமாகத் தள்ளி எடுங்கள். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால் அட்டை போன பிறகும் வெகுநேரம் கசியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்தில்லை. கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

தேனீயும் கதண்டு என்ற பெரிய குளவியும் பாம்பைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவை. சாம்பிராணிப் புகையோ சமையல் புகையோ கூட்டைக் கலைத்துவிடும். கொட்டியது தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும். எதனாலாவது உடனே சுரண்டி எடுங்கள். ஒரு கொட்டுக்குச் செட்டிரிசின் போதும். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ பல இடங்களில் கொட்டியிருந்தாலோ மாத்திரையை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். அட்ரினலின் ஊசி இருக்கும் இடத்துக்கு வண்டியைத் திருப்புங்கள்.

பாம்புக்கு வருவோம். விஷமுறிவு மருந்தைப் பையில் கொண்டுபோக முடியாது. அது மருத்துவமனையில் ஏற்ற வேண்டியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான் இங்கே பயன்படுகிறது. எனவே பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல், இறுக்காமல் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு தூக்கிச் செல்லுங்கள். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். கீறிய இடத்தில் இரத்தம் நிற்காமலும் போகலாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கோ ஊர்க் கொடைக்கோ போய்த் தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். கட்டுவிரியன் இரவில், தூங்குபவரை, வலி தெரியாமல் கடிக்கும். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, இமை சொருகல், விழுங்கச் சிரமம் என்று யாராவது சொன்னால் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

செந்தேள் இந்த வறண்ட சீமையிலும் உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலியோடு போய்விடும்; குழந்தைக்குக் கொட்டி, வாந்தியும் வியர்வையும் வந்து கைகால் சில்லிட்டால் இதயத்தைத் தாக்குகிறது என்று பொருள். பிரசோசின் என்ற மாத்திரை வந்த பிறகு இதில் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மருந்து.

கடல். திருச்செந்தூர், உவரி, மணப்பாடு என்று கிழக்கே போனால் ஜெல்லி மீன் உரசும் வாய்ப்பு உண்டு. கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் நச்சுச் செல்கள் இன்னும் வெடிக்கும். மணலைப் போட்டுத் தேய்க்காமல் இழைகளை முள்வாங்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், 20 நிமிடம் வைத்தால் வலி அடங்கும். திருக்கை வாலோ கெளுத்தி முள்ளோ குத்தினாலும் இதே வெந்நீர்தான், இன்னும் அதிக நேரம். முள் உள்ளே முறிந்திருந்தால் தோண்டாதீர்கள். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோனால் சுக்குக் காப்பிக்கும் ஆயிற்று.

பாதயாத்திரை. தைப்பூசத்துக்குப் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடப்பவர்களுக்குப் பாதம்தான் எல்லாம். திருநெல்வேலியிலிருந்தே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கொப்புளம் வருவதற்கு முன்னால், பாதத்தில் ஓரிடம் சூடாக எரியத் தொடங்கும்போதே அங்கே துணி ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். வந்த கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள்; அந்தத் தோல்தான் நல்ல கட்டு. தொடை உரசுமிடத்தில் வாசலின் தடவுங்கள். உடைமுள் ஏறினால் எடுக்க முள்வாங்கியும் ஊசியும் வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தார்ச் சாலை சுட்டது இரவில் காலைப் பார்க்கும்போதுதான் அவர்களுக்குத் தெரியும். முருகன் செருப்புக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். இருட்டில் நடப்பவர்கள் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சாலைகளில் கொப்புளத்தைவிட லாரிதான் பெரிய ஆபத்து.

சாஸ்தா கோயிலும் கொடையும். பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்காட்டிலும் கண்மாய்க்கரையிலும் கூடும் கூட்டத்துக்கு வெயிலும் அடுப்பும்தான் எதிரி. பொங்கல் பானையோ கொதிக்கும் எண்ணெயோ கொட்டினால் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். அதற்குள் பற்பசை, மை, மஞ்சள், ஐஸ் என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவருவார்கள். எல்லாரையும் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுங்கள். பிறகு சுத்தமான ஈரத்துணியால் தளர்வாக மூடி அழைத்துப் போங்கள். வெயிலில் நின்றவர் உளறினாலோ மயங்கினாலோ உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். இதற்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

ஐந்தாம் படி: குழந்தைகளுக்குத் தனி உறை

குழந்தை மருந்தைப் பெரியவர்கள் மருந்தோடு கலக்காதீர்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்றும், 250 மில்லிகிராம் என்று இன்னொன்றும் கடையில் கிடைக்கும். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சமாக 150 மில்லிகிராம் என்றால் முதல் வகையில் ஏறக்குறைய 6 மில்லி, இரண்டாவது வகையில் 3 மில்லி. வீட்டில் பழகியது ஒன்று, ஊரில் சித்தப்பா ஓடிப்போய் வாங்கி வந்தது இன்னொன்று என்றால் அளவு இரட்டிப்பாகிவிடும். புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, குப்பியின் மேல் "இத்தனை மில்லி" என்று ஒட்டுங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வையுங்கள்; சமையலறைக் கரண்டி வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸோடு துத்தநாக மருந்தும் 14 நாள் கொடுக்க வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. இருமல் சிரப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள்; அந்த மருந்து நம் மாநிலத்தில் தயாரானது. நஞ்சு இல்லாத சிரப்பாலும் சின்னக் குழந்தைக்குப் பெரிய நன்மை இல்லை.

ஆறாம் படி: கட்டுவதும் விலக்குவதும்

மூன்றாகப் பிரியுங்கள். உயிர்காக்கும் மருந்து அவரவர் உடம்போடு; ஓஆர்எஸ், பாராசிட்டமால், காஸ் துணி, சோப்பு ஆகியவை கையில் எடுத்துப்போகும் பையில்; மீதி வண்டியில், நிழலான இடத்தில். டாஷ்போர்டின் மேல் எதையும் வைக்காதீர்கள். பை எங்கே இருக்கிறது என்று ஓட்டுநர் உட்பட எல்லாருக்கும் காட்டிவிடுங்கள்.

விலக்க வேண்டியவற்றில் முதலாவது, மீந்துபோன ஆன்டிபயாடிக். சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் அது வேண்டியதில்லை. இரண்டாவது, கடையில் பெயரில்லாத காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரை. அதில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, பின்னால் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு குழந்தைக்குக் கூடாது. காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் பெரியவருக்கும் கூடாது. ஓமவாட்டர், சுக்கு, தைலம் எல்லாம் இருக்கட்டும், ஆறுதலுக்கு நல்லவை. ஓஆர்எஸுக்கு உரிய இடத்தை அவற்றுக்குக் கொடுக்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

திறந்த சிரப்பில் திறந்த தேதியை எழுதுங்கள். மாதக்கணக்கில் வைத்து அடுத்த பயணத்துக்கு எடுக்க வேண்டாம். நனைந்த காஸ் துணி, வெயிலில் உருகி உறைந்த களிம்பு, உறை கிழிந்த ஓஆர்எஸ் ஆகியவற்றை எறிந்துவிட்டு அன்றே புதிதாக வாங்கி வையுங்கள்.

ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். புதரில் உட்கார்ந்தவருக்கு உண்ணிக்காய்ச்சல் வரலாம். சேற்றில் புண்காலோடு நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். உண்ணிக்காய்ச்சலில் பலருக்குச் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று உடம்பில் இருக்கும், வலிக்காது, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மார்புக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். குளிக்கும்போது தேடிப் பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உரிய மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.